சாமை மூட்டையை வாங்கப்போவது யார்?

2023ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்ததையொட்டி, தமிழ்நாட்டிலும் உணவுத் திருவிழாக்களும் சமையல் போட்டிகளும் நடந்தன. வரகும் தினையும் நகரத்துக் கடைகளில் பாக்கெட்டுகளாக வந்து அமர்ந்தன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், மக்கள் சாப்பிட மறந்ததால் பயிர் அழிந்தது, சாப்பிடத் தொடங்கினால் தானாகத் திரும்பி வந்துவிடும் என்ற எண்ணமும் கூடவே பரவியிருக்கிறது. பயிர் மறைந்த விதத்தைப் பார்த்தால் இந்த எண்ணம் பாதிதான் சரி. விளைந்ததை அரிசியாக்கித் தர அருகில் ஓர் இயந்திரமும், நியாய விலைக்கு வாங்க ஓர் ஆளும் இல்லாததே பெரிய காரணம்.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த அதன் சரிவுகளில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கிழங்கு சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கையில் காசு வருகிறது. சாமையின் நிலை வேறு. அதன் உமி தானியத்தோடு இறுக ஒட்டியிருக்கும். கேழ்வரகைப் போல நேரே திருகையில் போட்டு மாவாக்க முடியாது. உரலில் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். அந்த உழைப்பு முழுவதும் பெண்கள் தோளில் விழுந்தது. ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கும்போது ஒரு குடும்பம் உலக்கையைக் கீழே வைத்தால், அதை மரபை மறந்த குற்றமாகப் பேசுவது அநியாயம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலையில் தோல் நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குள்ளேயே நிறுவி, சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. முடிச்சு எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது.

அடுத்தது விலை. கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இதன் விளைவு கண்முன்னே இருக்கிறது. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரப்படுகிறது. ஆதரவு விலை இருந்ததால் அதற்கான தானியத்தை அரசே விவசாயிகளிடம் கொள்முதல் செய்ய முடிந்தது. ஒடிசா 2017இல் தொடங்கிய சிறுதானியத் திட்டத்தில் பழங்குடி விவசாயிகளின் கேழ்வரகை வாங்கி ரேஷனில் சேர்த்தது. மத்திய அரசின் பட்டியலுக்காகக் காத்திருக்காமல், வரகுக்கும் சாமைக்கும் குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் விலை வைத்துச் சத்தீஸ்கர் 2021இல் கொள்முதலில் இறங்கியது. மாநில அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சிறுதானியத்தில் விளைச்சல் குறைவு, நெல்லோடு போட்டியிட முடியாது என்பார்கள். நெல்லோடு அதை ஏன் நிறுத்த வேண்டும்? சாமையும் வரகும் மழையை நம்பிய மேட்டு நிலத்துப் பயிர்கள். அங்கே அவற்றுக்குப் போட்டி மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி, சில இடங்களில் வெறும் தரிசு. சாமை மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும். உரச் செலவு சொற்பம். ஊடே துவரையும் மொச்சையும் விளையும். தாள் மாட்டுக்கு ஆகும். தமிழ்நாட்டின் நிலவுடைமைகளில் 93 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுடையவை. கடன் வாங்காமல் விதைக்க முடிகிற பயிர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பதை ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்ற ஒற்றைக் கணக்கு காட்டாது.

அரசுக்குச் செலவு கூடுமே என்ற கேள்வி நியாயமானது. நெல் கொள்முதலுக்கும் அதைக் கிடங்குக்கும் ஆலைக்கும் கடைக்கும் சுமந்து செல்லவும் அரசு இப்போதே பெருந்தொகை செலவிடுகிறது. உமியோடு இருக்கும் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. தோல் நீக்கினால் சில மாதங்களில் சிக்கு வாடை அடித்துவிடும். ஆகவே விளைந்த இடத்திலேயே சேமித்து, தேவைக்கேற்ப அரைத்து, அதே மலையின் அங்கன்வாடிக்கும் ரேஷன் கடைக்கும் கொடுப்பதே இந்தத் தானியத்துக்கு ஏற்ற வழி. லாரி வாடகையும் மிச்சம், அரைக்கும் கூலியும் உள்ளூரிலேயே தங்கும்.

சாமை விளையும் ஜவ்வாதுமலையிலும் கொல்லிமலையிலுமாவது இதை முதலில் தொடங்கலாம். அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கையில் சாமைக்கும் வரகுக்கும் கொள்முதல் விலையை அரசு அறிவிக்க வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு முன்பே விலை தெரிந்தால்தான் விவசாயி நம்பி விதைப்பார்.