நிறுத்தச் சொன்னால் நிற்கிறதா?

நம் வீட்டுப் பிள்ளைகள் தியானத்தை நம்மிடம் கற்றுக்கொள்வதில்லை. பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள், கைப்பேசியில் செயலி இருக்கிறது, யூடியூபில் யோகா, தாய்ச்சி, சீகோங் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கிறது. நல்லதுதான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி கைப்பேசியோடு மல்லுக்கட்டுவதைவிடக் கண்ணை மூடிப் பத்து நிமிஷம் உட்காருவது மேல்.

ஆனால் இந்தப் பயிற்சிகளில் சிலருக்கு ஓர் இடம் வரும். அசையாமல் இருக்கும்போது உடம்பு தானாக அசைய ஆரம்பிக்கும். தோள் குலுங்கும், கை மெல்ல மேலே எழும், உடம்பு முன்னும் பின்னும் ஆடும். பிள்ளை பயந்துபோய் வந்து சொன்னால் சமாதானம் சொல்லிவிடலாம். பயப்படாமல், “ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் வேணும்” என்று சொன்னால்?

எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது. மகளுக்கு அப்போது 15 வயது. ஒரு காணொளியைப் பார்த்துச் சீகோங் கற்றுக்கொண்டாள். முதலில் கால் மணி நேரம், பிறகு தினமும் ஒரு மணி நேரம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நிற்பாள். கைகள் தானாகச் சுழலும். தூக்கம் குறைந்தது. கேட்டால், “இது என் எனர்ஜி அம்மா, நான் தடுக்கக் கூடாது” என்பாள்.

அவள் சொன்னது முழுக்கக் கற்பனை அல்ல. சீகோங்கில் இதற்கென்றே ஒரு வகை உண்டு. சீனத்தில் ‘ஸி ஃபா கோங்’ என்பார்கள், தானாக எழும் பயிற்சி என்று பொருள். அசைவின்மை முற்றினால் அசைவு பிறக்கும், அசைவு முற்றினால் அமைதி பிறக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1980-களில் சீனா முழுக்கப் பரவிய கொக்கு சீகோங்கில், கொக்கைப் போன்ற அசைவுகளைச் செய்துவிட்டு அமைதியாக நிற்பார்கள். நிற்க நிற்க உடம்பு தன் போக்கில் ஆடத் தொடங்கும். பூங்காக்களில் கூட்டம் கூட்டமாக இப்படி ஆடினார்கள்.

ஆனால் அந்தப் பயிற்சிக்கு ஒரு கடைசிப் பகுதி உண்டு. ‘ஷோ கோங்’ என்று பெயர், திரட்டி முடிப்பது. அசைவை மெல்லக் குறைத்து, கைகளைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, மூச்சையும் கவனத்தையும் அங்கே கொண்டுவந்து அமைதியாக நின்ற பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். மகள் பார்த்த காணொளியில் அந்தப் பகுதியே இல்லை.

2019 டிசம்பரில் குடும்பமாக யாங்கோன் போனோம். அப்பா பிறந்தது அங்கே, இன்சீனில். வெளியுலகுக்கு இன்சீன் என்றால் சிறைச்சாலை. எங்கள் வீட்டில் இன்சீன் என்றால் ரயில் பட்டறை, தாத்தா வேலை பார்த்த இடம். 1964-இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாகி இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியபோது அப்பாவும் சென்னைக்குக் கப்பல் ஏறினார். பெரியப்பா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். இப்போது பெரியம்மா இருக்கிறார். பேரப் பிள்ளைகளோடு பர்மியத்தில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

பெரியம்மாவுக்கு இரண்டு உலகமும் தெரியும். சின்ன வயதில் தெருக்கோடி அம்மன் கோயில் திருவிழாவில் அவருக்குச் சாமி வரும். பிறகு பர்மியத் தோழி ஒருத்தியோடு யாங்கோன் மகாசி தியான மையத்துக்குப் போய்ப் பல நாட்கள் தங்கியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்தச் சண்டையும் இல்லை.

ஒரு சாயங்காலம் மகள் திண்ணையில் நின்று செய்து காட்டினாள். பெரியம்மா பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தார். கை எழுந்தது, உடம்பு ஆடியது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, “போதும் கண்ணு, நிறுத்து” என்றார். நிற்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். அரை நிமிஷம் கழித்துத்தான் நின்றது. மகள் எரிச்சலோடு கண்ணைத் திறந்தாள்.

“நிறுத்தச் சொன்னா நிக்கணும். நிக்கலேன்னா நீ அதை ஆட்டலை, அது உன்னை ஆட்டுது.”

“கோயில்ல உங்களுக்குச் சாமி வந்தப்ப நின்னுச்சா, பாட்டி?”

“நான் எங்க நிறுத்துனேன்? பக்கத்துல எப்பவும் ரெண்டு பேர் நிப்பாங்க. யாரு வந்திருக்கே, என்ன வேணும்னு பெரியவர் கேட்பாரு. வாக்குச் சொன்னதும் பம்பையை நிறுத்திருவாங்க. விபூதி பூசி, சாமி மலையேறிடுன்னு சொல்லித் தண்ணி குடுப்பாங்க. அப்புறம் போய்ச் சோறு தின்னுட்டுத் தூங்குவேன். உன் ரூமுல யாரு இருக்கா?”

சீகோங்கின் ‘திரட்டி முடிப்பது’ எதற்கோ, நம் கோயில் வாசலில் சாமி மலையேறுவதும் அதற்குத்தான். உடம்பை அதன் போக்கில் விடுகிற மரபுகள் இரண்டும், அதைத் திரும்ப அழைத்துவரும் வழியையும் வைத்திருக்கின்றன. பக்கத்தில் ஆளும் இருக்கிறது. இணையத்தில் கற்கிற பிள்ளைக்குத் தொடக்கம் மட்டும் கிடைக்கிறது.

தியான மையத்தில் என்ன சொல்வார்கள் என்று மகள் கேட்டாள். மகாசி சயாடோ 1949-இல் யாங்கோன் வந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முறை இது. மூச்சில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நடை. நடையும் தியானம்தான்: காலைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது என்று ஒவ்வொன்றும் மனதுக்குத் தெரிய வேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போது உடம்பு ஆடினால்? இதற்கு மகாசி சயாடோ நேரடியாகவே பதில் எழுதியிருக்கிறார். பயப்பட வேண்டாம். அதேபோல, சந்தோஷப்படவும் வேண்டாம், தொடர வேண்டும் என்று ஆசைப்படவும் வேண்டாம். ‘ஆடுகிறது, ஆடுகிறது’ என்று மனதில் குறித்துக்கொண்டே இருந்தால் அடங்கும். அப்படியும் அதிகமானால் சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொள்ளலாம், இல்லையென்றால் கொஞ்சம் படுத்துக்கொள்ளலாம். எவ்வளவு எளிய மருந்து பாருங்கள். ஆட்டத்தை அவர் கெட்டது என்றும் சொல்லவில்லை, பெரிய சித்தி என்றும் சொல்லவில்லை.

அதே யாங்கோனில் ஊ பா கின் என்ற அரசுக் கணக்கு அதிகாரியும் தியானம் கற்பித்தார். அவரிடம் பயின்ற எஸ்.என்.கோயங்கா 1969-இல் இந்தியா வந்து அதைப் பரப்பினார். அவருடைய பத்து நாள் வகுப்பில் நான்காம் நாளிலிருந்து தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் திறக்காமல் மாற்றாமல் உட்காரப் பழக்குகிறார்கள். ஒரே நகரம். ஓர் ஆசிரியர் நடக்கச் சொல்கிறார், இன்னொருவர் அசையாதே என்கிறார். இரண்டிலும் நிலையாக இருக்க வேண்டியது கவனம். உடம்பு சிலை மாதிரி இருக்கும்போது மனம் சந்தை முழுக்கச் சுற்றலாம். கால் நடக்கும்போது மனம் ஓரிடத்தில் நிற்கலாம்.

அறிவியலும் இங்கே உதவுகிறது. முழங்காலை லேசாக மடித்து நெடுநேரம் நின்றால் தசை களைத்து நடுங்கும். இன்னொன்று, எதிர்பார்ப்பு. அசைவு வரும் என்று மனம் காத்திருந்தால், நாம் செய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் தசைகள் அதைச் செய்துவிடும். வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கில மருத்துவர் 1852-லேயே இதற்குப் பெயர் வைத்து விளக்கினார். ஆகவே பிள்ளை நடிக்கிறாள் என்று திட்டவும் வேண்டாம், ஏதோ சக்தி புகுந்துவிட்டது என்று நடுங்கவும் வேண்டாம். அசைவு உண்மை, அசைக்கிறது அவள் உடம்பேதான்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். அளவு மீறிய பயிற்சியால் மனம் குழம்புவதைச் சீன ஆசிரியர்கள் வெகுகாலமாக எச்சரித்து வந்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட கையேட்டில், பண்பாடு சார்ந்த மனநிலைக் கோளாறுகளின் பட்டியலில் சீகோங்கால் வரும் மனக்குழப்பமும் இருந்தது. எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் தூக்கம் கெட்டு, தனியாக, மணிக்கணக்கில் செய்கிற வளரிளம் பிள்ளையிடம் ஒரு கண் இருக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளும் மகள் பெரியம்மாவோடு காலையில் உட்கார்ந்தாள். முதல் நாட்களில் ஆடினாள், குறித்துக்கொண்டாள். அப்புறம் ஆட்டம் குறைந்தது. அவளுக்கு ஏமாற்றம்: “இப்ப ஒண்ணுமே நடக்கலையே, பாட்டி.” பெரியம்மா சிரித்தார். “ஒண்ணும் நடக்காதப்பவும் உக்காந்திருக்கியே, அதைப் பாரு.”

மெல்பர்ன் திரும்பிய பிறகு அவள் சீகோங்கை விடவில்லை. நாங்களும் விடச் சொல்லவில்லை. தனியாகச் செய்வதை நிறுத்தி, பக்கத்துப் பூங்காவில் ஒரு சீனப் பெரியவரின் வகுப்பில் சேர்ந்தாள். அவர் கடைசி ஐந்து நிமிஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாராம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நான் சொல்லக்கூடியவை இவைதான். தடை போடாதீர்கள், கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும். பக்கத்தில் போய் உட்காருங்கள். நேரத்துக்கு வரம்பு வையுங்கள்: ஐந்து நிமிஷம் உடம்பு விரும்புகிறபடி அசையட்டும், ஐந்து நிமிஷம் அசையாமல் நிற்கட்டும், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சைப் பார்க்கட்டும். நடுவில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நிதானமாக நிறுத்திக் கண்ணைத் திறந்தால் கவலை இல்லை. முடித்ததும் தண்ணீர் கொடுங்கள், ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள்.

பயிற்சி இல்லாத நேரத்திலும் உடம்பு துள்ளினால், நினைவு தப்பினால், நாள் கணக்கில் தூக்கமில்லை என்றால், குரல் கேட்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். வலிப்பும் வேறு நரம்புக் கோளாறுகளும் இப்படித் தெரியலாம். கோயிலுக்கும் போகலாம், ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு.

மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. ஆடுகிற உடம்பை அடக்கி வளர்த்தவர்கள் இல்லை நம் பாட்டிமார்கள். ஆடவும் விட்டார்கள், தண்ணீரோடு பக்கத்திலும் நின்றார்கள். பிள்ளைக்கு இப்போது பக்கத்தில் நிற்க வேண்டியது நாம்தான்.