கல்விக்கடன்: யார் வீட்டுப் பணம்?

அண்மையில் நாட்றம்பள்ளியில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தோம். பந்தியில் நம் பக்கத்தில் அமர்ந்த இளைஞர் பொறியியல் பட்டதாரி. வளைகுடா நாடொன்றில் நல்ல ஊதியம் பெறுபவர். பேச்சு கல்விக்கடன் பக்கம் திரும்பிற்று. “வங்கிக் கடனையெல்லாம் யார் கட்டுகிறார்கள், ஹஜ்ரத்? கோடிகோடியாய் வாங்கியவர்களையே விட்டுவிட்டார்கள். அதுவுமல்லாமல் அது வட்டிக் கடன். மார்க்கம் தடுத்ததை நாம் ஏன் கட்ட வேண்டும்?” என்றார். பந்தியில் இருந்தோர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு வாதங்களும் இன்று நம் வீடுகளில் பரவலாக உலவுகின்றன. ஆகவே வெளிப்படையாகவே மறுமொழி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில், அது யாருடைய பணம்? 2001ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட மாதிரிக் கல்விக்கடன் திட்டம், 4 லட்ச ரூபாய் வரை ஈடு ஏதுமின்றிக் கடன் தர வழி செய்தது. நிலமில்லாதவன், நகையில்லாதவன் மகனும் கல்லூரி வாயிலை மிதிக்கட்டும் என்பதே அதன் நோக்கம். மாணவனின் எதிர்காலமும் பெற்றோரின் கையொப்பமுமே அங்கே ஈடு. 2009இல், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்திற்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்றது. 2015இல் கடன் உத்தரவாத நிதி ஒன்று ஏற்பட்டது. அதன்படி 7.5 லட்சம் வரையிலான கடன் திரும்பாதுபோனால், நிலுவையில் 75 விழுக்காட்டை அந்த நிதி ஈடுசெய்கிறது. அந்த நிதிக்குப் பின்னால் நிற்பது அரசுக் கருவூலம். எஞ்சிய கால்பங்கு வங்கியின் தலையில் விழுகிறது. வங்கியில் இருப்பதோ மக்கள் போட்டுவைத்த வைப்புத்தொகை.

கருவூலம் எங்கிருந்து நிரம்புகிறது? தோல் பதனிடும் சாலையில் சுண்ணாம்புத் தொட்டியருகே நாள் முழுதும் நிற்கும் தொழிலாளி, மாலையில் கை கழுவ வாங்கும் சோப்புக்குத் தரும் வரியும் அதில் சேர்கிறது. தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப வழியற்ற அந்த ஏழை, வளைகுடாவில் சம்பாதிக்கும் பொறியாளரின் கடனைக் கட்டுகிறான். இதற்குப் பெயர் சாமர்த்தியமா?

கணக்கில் ஏறாத நட்டம் இதனினும் பெரிது. விதி ஈடு வேண்டாம் என்கிறது. பழைய நிலுவைகளைக் கண்ட கிளை மேலாளரின் மனமோ ஈடு கேட்கிறது. “நாளை வாருங்கள்” என்ற ஒரு சொல்லில் அடுத்த மாணவன் திருப்பி அனுப்பப்படுகிறான். ஈடு காட்ட முடிந்தவன் எப்படியும் படித்துவிடுவான். வாக்கு ஒன்றையே உடைமையாகக் கொண்ட ஏழைக்குத்தான், வாக்குத் தவறியவனால் கதவு அடைபடுகிறது.

கோடிகளைச் சுருட்டியவர்கள் தப்பிவிட்டார்களே என்பது உண்மையான ஆத்திரம். அவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்தக் குரல் கொடுப்போம். ஆனால் ஊர்க் கிணற்றில் ஒருவன் மண்ணைக் கொட்டினான் என்பதற்காக நாமும் ஒரு கூடை கொட்டலாமா? அந்தக் கிணற்றில்தானே நம் பிள்ளைகளும் நீர் மொள்ள வேண்டும்?

இனி வட்டி. அது ஹராம் என்பதில் நமக்குள் பேச்சே இல்லை. ஆனால் அருள்மறை வட்டியை விலக்கும் அதே இடத்திலேயே, அல்பகரா 279ஆம் வசனத்தில், அசல் கொடுத்தவருக்கே உரியது என்பதையும் உறுதிப்படுத்துகிறது. வட்டியைக் காட்டி அசலையும் விழுங்குபவர், வசனத்தின் ஒரு பாதியை ஓதி மறுபாதியை மறைக்கிறார். கையொப்பமிடும்போது வராத பேணுதல், தவணை நாளில் மட்டும் வருவது எங்ஙனம்?

வட்டிதான் தடை என்றால், வட்டியில்லாமல் கொடுத்தவர்களுக்காவது திருப்பித் தந்திருக்க வேண்டும் அல்லவா? நம் பகுதியில் தோல் வணிகர் சிலரும் ஆசிரியர் சிலரும் கூடி, கர்ழ் ஹஸன் எனும் அழகிய கடனாகக் கல்விக்கு உதவ ஒரு சிறு நிதி திரட்டினர். அதன் பேரேட்டைச் சில ஆண்டுகள் நாமே எழுதினோம். ஒரு காசு வட்டி இல்லை. வாங்கியவர்களுள் பலர் வேலைக்குப் போயினர், வீடு கட்டினர், தங்கைக்குச் சீரோடு மணம் முடித்தனர். பேரேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே இருந்த கட்டம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. ஓராண்டு, செவிலியர் படிப்பில் இடம் கிடைத்த ஒரு பெண்பிள்ளையைத் தந்தை அழைத்து வந்தார். பெட்டியில் பணமில்லை. அந்தப் பிள்ளை அவ்வாண்டே ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

இந்த வட்டாரத்தின் பெரியோர்கள் இப்படியா இருந்தார்கள்? 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம், 1969இல் ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி எழுந்தன. தாம் பெற்றதைச் சமுதாயத்திற்குத் திருப்பித் தந்தவர்கள் எழுப்பியவை அவை. நாமோ, பெற்ற கடனையே திருப்ப மறுக்கிறோம். மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் நிறுத்திவிட்டது. வெளியே வாயில்கள் ஒவ்வொன்றாய் அடைபடும் நேரத்தில், எஞ்சிய வாயிலையும் நம் கையாலேயே சாத்தலாமா?

இயலாதவரை நாம் சொல்லவில்லை. பட்டம் பெற்றும் வேலையற்றுத் திரியும் பிள்ளையின் வீட்டு வாசலில் வசூல்காரரை நிறுத்தி மானத்தை வாங்குவது கொடுமை. நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் தரவேண்டும் என்பது அடுத்த வசனமான 280இன் கட்டளை. ஸகாத்துக்கு உரிய எட்டு வகையினருள் கடன்பட்டோரும் ஒருவர். அத்தகைய பிள்ளைகளைத் தேடிக் கண்டு கடனடைப்பது ஒவ்வொரு ஜமாஅத்தின் பொறுப்பாகும். ஆனால் வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அநீதி என்றே உரைத்தார்கள்.

கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தாம் தொழவைக்காமல் அவர்கள் விலகி நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழவைத்ததும் நாம் அறிந்த செய்தி. ஷஹீதின் பாவங்கள் மன்னிக்கப்படும்போதும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்பதும் நாம் மிம்பரில் கேட்டதே. கேட்டுக் கேட்டுச் செவி மரத்துவிட்டதா?

பெண் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாப்பிள்ளையின் ஊதியத்தைக் கேட்கிறீர்கள். சொந்த வீடு உண்டா என்று கேட்கிறீர்கள். படித்த கடனை அடைத்துவிட்டாரா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி நிக்காஹ் மஜ்லிஸ் வரை வந்துவிட்டால், விருந்துப் பந்தியில் அந்தச் சிரிப்பு எழாது.