வயிற்றுக்கு மோர், மனசுக்கு மருத்துவர்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

சில வாரங்களாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டீர்கள். "மனச்சோர்வு மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது. நல்ல பாக்டீரியா பொடியை மூன்று மாதம் சாப்பிட்டால் மனநோய் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாம்" என்பது அதன் சாரம். நடுவில் பழைய சோறு வருகிறது, ஸ்டான்லி ஆஸ்பத்திரி வருகிறது, வெளிநாட்டு ஆராய்ச்சி வருகிறது. கடைசியில் ஆர்டர் செய்ய ஒரு போன் நம்பர். "இது உண்மையா டீச்சர்?" என்று கேட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தியவள். பாலைத் தயிராக்குவது லாக்டோபேசில்லஸ் என்று உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அந்த உரிமையில் பேசுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாத்திரைக்குப் பக்கத்தில் மோர் தாராளமாக இருக்கட்டும். மாத்திரையின் இடத்தில் மோரை வைக்காதீர்கள்.

காணொளியில் சொன்னது எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று காலையில் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியது என்று நினைத்துப் பாருங்கள். மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் என்ற நரம்பு இரண்டு பக்கமும் செய்தி கொண்டு போகிறது. குடலில் வாழும் கிருமிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஜப்பானில் 2004இல் ஒரு சோதனை செய்தார்கள். எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்த்த எலிகளை அசைய விடாமல் அடைத்தபோது, சாதாரண எலிகளைவிட அவற்றின் உடம்பில் பதற்ற ஹார்மோன் அதிகமாக ஏறியது. ஒரு நல்ல பாக்டீரியாவைக் கொடுத்ததும் அது குறைந்தது. பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களின் குடலில் சில வகைக் கிருமிகள் குறைந்திருப்பது தெரிந்தது.

இங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும். கிருமி குறைந்ததால் சோர்வு வந்ததா? சோர்வு வந்ததால் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் கிருமி குறைந்ததா? ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் இருந்தால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

காணொளியில் பெரிதாகச் சொன்ன இன்னொரு விஷயம் செரட்டோனின். "மகிழ்ச்சி ஹார்மோனில் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது" என்றார்கள். ஏறக்குறைய சரிதான். அடுத்த வரியைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. நம்ம ஊர்ப் பூட்டு போட்ட கதவு மாதிரி. குடலில் உண்டாகும் செரட்டோனினிடம் அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடல் செரட்டோனினுக்கு முக்கிய வேலை குடலை அசைத்து உணவை நகர்த்துவது.

பாக்டீரியாவால் மனச்சோர்வைக் குணமாக்கும் ஆசை புதிதும் இல்லை. 1910லேயே லண்டன் பெத்லம் மருத்துவமனையில் ஜார்ஜ் போர்ட்டர் பிலிப்ஸ் என்ற மருத்துவர், மனச்சோர்வு நோயாளிகள் 18 பேருக்குத் தயிர்க் கிருமி கொடுத்துப் பார்த்தார். 11 பேர் குணமானதாக எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவரவர் வகுப்பில் அவரை விதை சோதனை செய்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு தொட்டியை வெளிச்சத்தில் வைத்தால் இன்னொன்றை இருட்டில் வைப்போம். இரண்டாவது தொட்டி இல்லாவிட்டால் வெளிச்சத்தால்தான் வளர்ந்தது என்று எப்படிச் சொல்வது? பிலிப்ஸிடம் அந்த இரண்டாவது தொட்டி இல்லை. மனச்சோர்வு சிலருக்குச் சில மாதங்களில் தானாகவும் தணியும். அந்த 11 பேர் தயிர்க் கிருமியால் தேறினார்களா, காலத்தால் தேறினார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

இப்போது இரண்டு தொட்டியும் வைத்துச் செய்த சோதனைகள் இருக்கின்றன. அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

நியூசிலாந்தில் 79 பேரை வைத்து ஒரு சோதனை, 2017இல் வெளியானது. எல்லாரும் மனம் சோர்ந்திருந்தவர்கள், மனநல மாத்திரை எதுவும் சாப்பிடாதவர்கள். பாதிப் பேருக்குப் புரோபயாட்டிக், மீதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றத்தில் வெறும் பொடி. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 49 பேரை வைத்து இன்னொரு சோதனை, 2023இல் வெளியானது. இவர்கள் மாத்திரை சாப்பிட்டும் முழுதாகத் தேறாதவர்கள். மாத்திரையை நிறுத்தாமல், அதோடு சேர்த்து எட்டு வாரம் புரோபயாட்டிக் கொடுத்தார்கள். வெறும் கேப்சூல் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குச் சோர்வு கூடுதலாகக் குறைந்தது.

இரண்டும் சிறிய சோதனைகள்தான். ஆனாலும் பொடி விற்பவர்கள் எதைக் காட்டுகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல பலன் வந்த சோதனையில் யாரும் மாத்திரையைத் தூக்கி எறியவில்லை.

ஸ்டான்லி விஷயம்? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜெஸ்வந்த் குழுவினர் அரசு நிதியுடன் பழைய சோற்றை ஆராய்ந்தது உண்மை. நமக்குப் பெருமையும்கூட. ஆனால் அவர்கள் ஆராய்ந்தது குடல் அழற்சி நோய்க்கு. குடல் நோய் ஆராய்ச்சியை எடுத்து மனநோய்க்கு ஒட்டுவது, சிறுமலை வாழைப்பழத்தைக் காட்டிவிட்டு வேறு பழத்தை விற்கிற மாதிரி.

அப்படியென்றால் சாப்பாட்டால் பயனே இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் 12 வாரம் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குக் காய்கறி, பழம், பருப்பு, முழுதானியம், மீன் என்று உணவைத் திருத்த உதவினார்கள். இன்னொரு பகுதியினரோடு வெறுமனே பேசிப் பழகினார்கள். உணவைத் திருத்தியவர்களில் 32 சதவீதம் பேர் தேறினார்கள், மற்றவர்களில் 8 சதவீதம். அதிலும் பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வருகிற அவரையும் கத்தரியும் முருங்கையும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, டப்பாவுக்கு ஏன் மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டும்?

வீட்டுத் தயிரையும் பற்றி ஒரு வார்த்தை. அது உடம்புக்கு நல்லது. ஆனால் பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கி ஊற்றுகிறோம். எந்த வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சோதனைகளில் கொடுத்தது குறிப்பிட்ட வகைக் கிருமியை, குறிப்பிட்ட அளவில். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. மோரைக் கொதிக்க வைத்தால் இருக்கிற கிருமியும் செத்துவிடும்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், என் பழைய மாணவன் ஒருவனால். யாரென்று தேடாதீர்கள், அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன். வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு நான்கு மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தான். யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறினான். ஒன்றரை மாதத்தில் வேலைக்குப் போவது நின்றது, சாப்பாடு நின்றது. "பிள்ளைகளை நீ பார்த்துக்கோ" என்று மனைவியிடம் சொல்ல ஆரம்பித்ததும் அந்தப் பெண் பயந்து எனக்குப் போன் செய்தாள். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். இப்போது மறுபடி தேறி வருகிறான்.

"ஏன்டா மாத்திரையை நிறுத்தினாய்?" என்று கேட்டேன். "டீச்சர், மாத்திரை சாப்பிட்டா பைத்தியம்னு சொல்லுவாங்க. பொடி சாப்பிட்டா வயித்துக்குச் சாப்பிடுறான்னு சொல்லுவாங்க" என்றான்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது, இந்தப் பொடி எப்படி விற்கிறது என்று. நம் ஊரில் வயிற்றுக்கு வெட்கம் இல்லை. அல்சர் என்றால் கல்யாண வீட்டில்கூடச் சொல்லுவோம். மனசு சரியில்லை என்றால் சொந்தத் தம்பியிடம்கூட மறைப்போம். நோயைக் குடலுக்கு மாற்றிவிட்டால் வெட்கம் போய்விடுகிறது, அதற்குத்தான் காசு கொடுக்கிறோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வைச் சந்திக்கிறார். மனச்சோர்வு, பதற்றம் போன்ற நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. நம் குழுவிலேயே இருநூறு பேர் இருக்கிறோம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாதீர்கள். இது வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். நிறுத்தும் காலம் வந்தால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். புரோபயாட்டிக் வாங்க ஆசையா? அவரிடமே கேளுங்கள், தப்பில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, இரத்தசோகை, பி12 குறைவு இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அதையும் சோதிப்பார்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்துக்குக் காசு வேண்டாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று பெயர். இரவு பகல் எப்போதும், தமிழிலேயே பேசலாம். "நான் இல்லாவிட்டால்" என்ற பேச்சு யார் வாயிலாவது வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்துப் போங்கள்.

வீட்டில் இருக்கிற அத்தைமார், பெரியம்மாமார், மாமியார்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். மருமகளோ மகனோ மனநல மாத்திரை எடுப்பது தெரிந்தால் ஒளித்து வைக்கச் சொல்லாதீர்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை இருக்கிற அதே டப்பாவில் அதையும் வையுங்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூடவே ஒரு டம்ளர் மோரும் கொடுங்கள், வெயிலுக்கு நல்லது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்