உட்கார வைப்பது பாதுகாப்பு ஆகாது

மாதனூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் காலை வேளையில் கம்பெனிப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. மகனும் மருமகளும் ஷூ கம்பெனிக்கோ தோல் தொழிற்சாலைக்கோ புறப்படுகின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். வீட்டில் எஞ்சுபவர் முதியவர் ஒருவரே. புறப்படும் அவசரத்தில் மருமகள் சொல்லும் சொல் பெரும்பாலும் இதுதான்: “அத்தை, எங்கேயும் எழுந்து போகாதீங்க; கட்டில்லயே உட்காந்திருங்க.”

இச்சொல் அன்பினால் பிறப்பது. ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தவர் மறுமுறையும் விழுந்துவிடக் கூடாதே என்னும் அச்சம் அதில் உண்டு. ஓர் எலும்பு முறிந்தால் பல வாரக் கூலியும் உடன் போகும் என்பதை அவள் அறிவாள். ஆயினும், இயன்முறை மருத்துவப் பிரிவில் பணிபுரியும் எனக்கு இச்சொல்லில் உடன்பாடில்லை. விழாமல் காக்கும் என்று நம்பி நாம் இடும் இக்கட்டளையே முதியவரை அடுத்த வீழ்ச்சிக்கு ஆயத்தம் செய்கிறது.

காரணம் எளியது. தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் வேலை கொடுக்கும் வரையில்தான் வலிமையுடன் இருக்கும். உடலின் சமநிலையும் அவ்வாறே. கண், உட்செவி, பாதம், மூட்டு ஆகியவை அனுப்பும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்து, தசைகளுக்கு நொடிப்பொழுதில் ஆணையிடுகிறது. கால் இடறினால் மறுகால் தானே முன்வந்து ஊன்றிக்கொள்வது இதனால்தான். மாதக்கணக்கில் அமர்ந்தே இருப்பவருக்கு அந்த ஒரு காலடி தாமதமாகிறது. தரை வழுக்கியது என்று நாம் சொல்கிறோம். ஊன்ற வேண்டிய கால் உரிய கணத்தில் வரவில்லை என்பதும் உண்மை.

இடுப்பருகே தொடை எலும்பு முறிந்த முதியவர்களில் பலர் முன்புபோல் நடக்கும் நிலைக்குத் திரும்புவதில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதனால் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

இதற்கு மருந்து உண்டு, அது பயிற்சி. 1990களில் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 80 வயதைக் கடந்த பெண்களுக்கு வீட்டிலேயே செய்யத்தக்க கால் வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கற்பித்தனர், விழுதல்கள் குறைந்தன. 2019இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 23,000க்கும் மேற்பட்ட முதியோர் பங்கேற்ற 108 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, பயிற்சி விழுதல்களை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று கண்டது. நடை மட்டும் போதும் என்பதற்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. வாரத்தில் குறைந்தது மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வலுப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

“வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு இனிப் பயிற்சி எதற்கு?” என்று பலர் கேட்கின்றனர். பழைய உழைப்பு, வங்கியில் இட்ட பணம்போல் தசையில் சேமிக்கப்படுவதில்லை. “பயிற்சியின்போதே விழுந்துவிட்டால்?” என்பது இன்னும் நியாயமான கேள்வி. அதனால்தான் பிடிமானத்துடன் தொடங்குகிறோம். சுவரோடு ஒட்டிப் போட்ட, வழுக்காத, உறுதியான நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அமர்தல். சன்னல் கம்பியையோ சமையல் மேடையையோ பற்றிக்கொண்டு குதிகால்களை உயர்த்தித் தாழ்த்தல். அவ்வாறே பற்றியபடி பக்கவாட்டில் நடத்தல். ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து நிற்றல். முதலில் இரு கைப்பிடி, பிறகு ஒரு கை, பிறகு விரல்நுனி மட்டும். தொடக்கத்தில் அருகில் ஒருவர் நிற்க வேண்டும். பேருந்து வருவதற்கு முன் பத்து நிமிடம், மாலையில் பேரப்பிள்ளையின் துணையோடு பத்து நிமிடம் ஒதுக்க முடியாத வீடு அரிது.

சிலர் மட்டும் மருத்துவரைப் பார்த்த பின்பே தொடங்க வேண்டும்: எழும்போது தலைசுற்றுபவர், நினைவிழந்து விழுந்தவர், மார்புவலி அல்லது மூச்சுத்திணறல் உள்ளவர், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர், அண்மையில் எலும்பு முறிந்தவர். தூக்க மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் சிலருக்குத் தள்ளாட்டம் தரும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்பார்வையையும் சோதிக்க வேண்டும். காலணியையும் பாருங்கள். உலகின் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்பும் வட்டாரம் இது; இங்குள்ள முதியவர்கள் பலர் அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பான ரப்பர் செருப்போடு ஈரத்தரையில் நடக்கின்றனர்.

குறையைக் குடும்பத்தின் மீது மட்டும் சுமத்துவது நேர்மையன்று. மருத்துவத் துறையினராகிய நாங்களும் “ஓய்வெடுங்கள்” என்ற ஒரு சொல்லோடு முதியவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எத்தனை நாள் ஓய்வு, எந்நாளிலிருந்து எழுந்து நடப்பது என்று சொல்வதில்லை. சொல்லாத ஓய்வு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மாத்திரையின் பெயரும் வேளையும் எழுதுவதுபோல், பயிற்சியின் பெயரும் எண்ணிக்கையும் சீட்டில் எழுதப்பட வேண்டும். எழுதப்படாவிட்டால் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்கும் வழி உண்டு. 2021 ஆகஸ்டில், நமக்கு அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நாளைக் காலை புறப்படும் முன் மருமகள் சொல்லும் சொல் சற்றே மாறட்டும்: “அத்தை, வாங்க, சன்னல் கம்பியைப் பிடிச்சுக்குங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்.” தனித்திருக்கும் அந்த நீண்ட பகற்பொழுதில் அத்தையைத் தாங்கப் போவது கட்டிலன்று, அவருடைய கால்களே.