குமரிக் கரையில் கடன்பட்ட களியாட்டம்

திருமணத்திற்கு நாள் குறித்தவுடன் நாஞ்சில் நாட்டு வீடுகளில் எழும் கேள்விகள் முன்பெல்லாம் மூன்றுக்குள் அடங்கின. பொன் எடுத்தாயிற்றா? சமையலுக்கு ஆள் பேசியாயிற்றா? அத்தைமாரையும் மாமன்மாரையும் நேரிற் சென்று அழைத்தாயிற்றா? இப்பொழுது, கையிற் பணம் புழங்கும் சில வீடுகளில், நான்காவதாக ஒரு கேள்வி நுழைந்திருக்கின்றது: “பேச்சிலரெட்டு பார்ட்டிக்கு எந்த ரிசார்ட்டு?”

அஃது என்னவென்று அறியாத பெரியோர் இன்னும் பலர் உளர். மணப்பெண் தன் தோழியர் சிலரைக் கூட்டிக்கொண்டு, மணநாளுக்குச் சில கிழமைகள் முன்னதாகத் தொலைவிலுள்ள கடற்கரை விடுதியொன்றில் ஈரிரவோ மூவிரவோ தங்குவதே அதன் சாரம். கோவளம், வர்க்கலை, கோவா. இன்னும் கொழுத்தவர்க்கு மாலத்தீவும் தாய்லாந்தின் பூக்கெட்டும். எல்லார்க்கும் ஒரே நிறத்தில் உடை. மணப்பெண்ணின் தோளுக்குக் குறுக்கே ஆங்கில எழுத்துப் பொறித்த பட்டை. தலைக்குமேற் சுழன்று படமெடுக்கும் பறக்கும் பொறி. கடலைப் பார்த்த நீச்சற்குளம். பக்கத்திலே கடல் கிடக்கக் குளத்தில் ஏன் குளிக்கவேண்டும் என்று கேட்பவன் பட்டிக்காட்டான்! இவ்வளவையும் ஏற்பாடு செய்து தரக் கூலிக்கு நிறுவனங்கள் இருக்கின்றன. மகிழ்ச்சியாய் இருப்பது எப்படி என்று மணித்துளிக்கு மணித்துளி அட்டவணை வகுத்துக் கொடுப்பது அவற்றின் வேலை.

முதலிற் சொல்லைப் பார்க்கலாம். சொல் வந்த வழியே பொருளும் வந்தது. ‘பேச்சிலர்’ என்னும் சொல்லின் முன்வடிவம், இடைக்காலப் பிரான்சில், தனக்கென ஒரு கொடியில்லாமல் பிறன் கொடியின்கீழ்ப் போர்செய்த இளமறவனைக் குறித்தது. பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டம் பெற்றவனைக் குறித்தது. மணமாகாத ஆணையும் குறித்தது. அவ்வாண்பாற் சொல்லின் பின்னே ‘எட்’ என்னும் பிரெஞ்சு வாலை ஒட்டி, அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டிற் செய்துகொண்டதே ‘பேச்சிலரெட்’. ஆணுக்கு வால் முளைத்தாற் பெண்! இந்தச் சொல்லைத்தான் பெண்ணுரிமையின் முழக்கம் என்று எண்ணித் தமிழ்ப்பெண் தோளிற் பட்டையாக அணிந்துகொள்கின்றாள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் எனப் பெண்ணின் பருவம் ஏழுக்கும் தனித்தனிப் பெயர் கண்ட மொழி தமிழ். அவற்றுள் ஒன்றேனும் ஆண்பாற் சொல்லுக்கு வால் ஒட்டிச் செய்ததன்று.

சொல் இல்லாமையால் கடன் வாங்கினர் என்றும் தப்பிக்க முடியாது. தலைவியைச் சூழ்ந்து விளையாடும் பெண்கள் கூட்டத்திற்கு ‘ஆயம்’ என்று பெயர். அவர்கள் ஆடும் விளையாட்டு ‘ஓரை’. கரைமணலில் வீடு கட்டி ஆடுவது ‘வண்டல்’. அலையில் இறங்கிக் குளித்தாடுவது ‘கடலாட்டு’. நெய்தல் திணைப் பாடல்களைப் புரட்டியவர்க்கு இந்நான்கும் புதியன அல்ல. மணமாகாத பெண் தோழியரோடு கடற்கரைக்குச் சென்று பகலெல்லாம் ஆடிக் களிப்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாட்டில் வைத்த மக்கள், அதே கடற்கரையில் அதே செயலைச் செய்ய அமெரிக்கரிடம் பெயர் இரக்கின்றனர். இரந்த பெயரோடு விலைப்பட்டியலும் சேர்ந்து வருகின்றது.

விலைப்பட்டியலே இங்குத் தலையான பொருள். இவ்விருந்தின் செலவை மணப்பெண் வீட்டார் முழுதும் ஏற்பதில்லை. தோழியர் தலைக்கு இவ்வளவு எனப் பங்கிட்டுக்கொள்வதே மேலைநாட்டு வழக்கம். அவ்வழக்கமும் பெயரோடு கூடவே இறங்கிவிட்டது. தலைவியின் தோழி யார் என்பதற்குத் தொல்காப்பியம் விடை தருகின்றது: அவள் செவிலியின் மகள். அஃதாவது, தலைவியை வளர்த்தெடுத்த உழைப்பாளியின் மகள். செல்வன் மகளுக்கு உயிர்த்தோழி செல்வன் மகள் அல்லள். வீட்டில் வேலை செய்தவளின் மகள்! அவளே தலைவனிடம் துணிந்து நின்று “எப்பொழுது மணப்பாய்?” என்று கேட்பவள்; அதற்கு ‘வரைவு கடாதல்’ என்று துறையே உண்டு. தலைவியின் காதலை மறைக்காமற் செவிலியிடம் வெளிப்படுத்தி ‘அறத்தொடு நிற்பவளும்’ அவளே. தலைவியின் வாழ்வு முறிந்துவிடாமற் காக்கத் தன்மேற் சினம் விழினும் உண்மை பேசுபவள் தோழி. அவளின்றி அகத்திணையின் களவு ஓரடியும் நகராது.

அந்தச் செவிலி மகளுக்கு இன்றைய ரிசார்ட்டில் இடமுண்டா? பள்ளியிற் பத்தாண்டு ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழியருள் ஒருத்தி வெளிநாட்டில் மென்பொருள் எழுதுகின்றாள். ஒருத்தி மருத்துவம் முடித்திருக்கின்றாள். ஒருத்தி நாகர்கோயில் துணிக்கடையில் நாள் முழுதும் கால்கடுக்க நிற்கின்றாள். ஒருத்தி தனியார் பள்ளியில், வாய்விட்டுச் சொல்லக் கூசும் சம்பளத்திற்கு எழுத்தறிவிக்கின்றாள். வானூர்திக் கட்டணமும் அறை வாடகையும் ஒரே நிற உடையும் தலைக்குப் பங்கென்று செய்தி வரும்பொழுது முதலிருவர்க்கு அது கைச்செலவு. பின்னிருவர்க்கு இரண்டு திங்கள் ஊதியம். “வரவில்லை” என்றால் நட்பை மதிக்கவில்லை என்று பெயர். “இயலவில்லை” என்றால் அவள் வீட்டு அடுப்பு அத்தனை பேர் முன்னும் திறந்து காட்டப்படுகின்றது. எனவே கழுத்திற் கிடந்த ஒற்றைச் சங்கிலி அடகுக்கடைக்குப் போகின்றது. அல்லது காய்ச்சல் என்றொரு பொய் பிறக்கின்றது. ஆயம் அன்றே இரண்டாக உடைகின்றது. உடைத்தது குலமன்று, சமயமன்று, விலைச்சீட்டு.

இதற்கெல்லாம் மேலே மணக்கொடை என்னும் பழைய பேய் அசையாமல் அமர்ந்திருக்கின்றது. குமரி மாவட்டம் 2011 மக்கள் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம். அந்த மாவட்டத்தில்தான் மாப்பிள்ளையின் படிப்பு ஏறஏறப் பொன்னின் எடையும் ஏறுகின்றது. மணக்கொடையைத் தடைசெய்த சட்டம் 1961-ஆம் ஆண்டே வந்துவிட்டது. சட்டத்தைப் படித்து வழக்கறிஞரானவர் வீட்டிலும் தராசு ஓய்ந்தபாடில்லை. பண்டு பெண் வீட்டார்க்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ‘பரியம்’ தலைகீழாகப் புரண்டு பெண்ணைப் பெற்றவன் தலைமேல் விழுந்தது. அவன் முதுகிலே, நகை, சீர், மண்டபம், விருந்து என்று அடுக்கிய மூட்டைகளின்மேல், இப்பொழுது ரிசார்ட்டு என்னும் மூட்டையும் ஏறுகின்றது. பங்கிட்டது போக எஞ்சிய செலவெல்லாம் வந்து விழும் இடம் அந்த முதுகே.

“ஆண்கள் குடித்துக் கூத்தடித்தால் கேட்பாரில்லை, பெண்கள் இரண்டு நாள் சிரித்திருந்தால் மட்டும் பண்பாடு கெட்டுவிடுமா?” என்று ஒரு வினா எழும். ஞாயமான வினா. பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைக்கத் தமிழின் பெயரைத் துணைக்கழைப்பவர் தமிழுக்கும் பகைவர், பெண்ணுக்கும் பகைவர். பழந்தமிழ்ப் பெண்டிர் தேறலும் பருகினர், துணங்கையும் ஆடினர், பாட்டுகளே சான்று. பின்வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தபொழுது ஆணை விலக்கிவைக்கவில்லை. ஆண்கள் நடத்தும் மணமுன் களியாட்டமும் இதே சரக்குத்தான். 2011-இல் வந்த ‘சிந்தகி ந மிலேகி தோபாரா’ என்னும் இந்திப் படம், மணமகனும் நண்பர் இருவரும் சுபெயின் நாட்டில் ஊர்சுற்றிப் பணத்தை நீராய் இறைப்பதையே கதையாக்கி, அந்நாட்டுச் சுற்றுலாவுக்கு விளம்பரப் பலகையாயிற்று. அந்தப் பலகையைப் பார்த்துப் பல்லிளித்த ஆடவர்க்கு, பெண்களைப் பார்த்து மட்டும் பல்லைக் கடிக்க உரிமையில்லை.

ஆனால் உரிமை என்னும் சொல்லை இந்த மண்ணில் எடுத்தாள்வோர் சற்று நின்று பேசவேண்டும். தோளை மறைத்து மேலாடை அணிந்ததற்காகத் தெருவில் ஆடை கிழிக்கப்பட்ட பெண்களின் மாவட்டம் இது. 1822-இல் தொடங்கிய அந்தப் போராட்டம் முப்பத்தேழு ஆண்டுகள் நீடித்து, 1859-இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாளின் ஆணையிற் போய் முடிந்தது. அந்த ஆணையிலும் மேற்குலத்தாரைப்போல் உடுத்தலாகாது என்றொரு முள் இருந்தது. தாய்மாமன் சொத்து மருமகனுக்கே என்னும் முறையால், மனைவியும் மக்களும் கணவன் இறந்த மறுநாளே வெறுங்கையராய் வெளியேறிய கொடுமையும் இங்கு இருந்தது. கவிமணி தேசிக விநாயகனார் அதனை நகைச்சுவைக் கணைகளால் துளைத்து மான்மியம் பாடினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. தோளிற் சீலை போட உரிமை வேண்டி நின்றவர்களின் பெயர்த்திகள், அதே தோளில் ‘மணப்பெண்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய பட்டையைப் போட வாடகை கொடுக்கின்றனர். உரிமை பட்டுத் துணியில் அச்சடித்து வருவதன்று. இரவுக்கு இவ்வளவு என்று அறைக்கட்டணத்திற் சேர்வதுமன்று. சங்கிலியை அடகு வைக்காமல் “என்னால் இயலாது” என்று தோழியிடம் தலைநிமிர்ந்து சொல்ல முடிகின்றதே, அங்கே இருக்கின்றது உரிமை.

இந்த ஆட்டத்தை ஊதிவிடுவோர் யாவர்? வடவர் திரைப்படமும் விடுதி முதலாளியும் மட்டுமல்லர். 2023 திசம்பரில் தேராதூனில் இந்தியத் தலைமை அமைச்சர், செல்வர்கள் வெளிநாட்டில் மணவிழா நடத்தாமல் இந்தியாவிலேயே நடத்தவேண்டும் என்றும், அடுத்த ஐந்தாண்டில் குடும்பத்துக்கு ஒரு மணமாவது உத்தரகண்டில் நடக்கட்டும் என்றும் தொழிலதிபர்களுக்கு அழைப்பு விடுத்தார். ஊரார் வந்து வாழ்த்தும் நிகழ்ச்சியை ஊரைவிட்டு ஓடி நடத்துவதே நாட்டுப்பற்றாம்! செலவைச் சுருக்கிப் புரோகிதரின்றி நடக்கும் தன்மதிப்புத் திருமணத்திற்கு 1967-இல் சட்ட ஏற்பு வழங்கிய சட்டமன்றம் தமிழ்நாட்டினுடையது. ஒரு மாலை, ஒரு உறுதிமொழி, சுற்றத்தார் சிலர் போதும் என்றது அது.

கடற்கரையின் கணக்கும் இருக்கின்றது. கடலோரம் ரிசார்ட்டுக்கு அழகு. மீனவனுக்கு அது வலை உலர்த்தும் முற்றம். 1991-இல் நடுவணரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, ஊரகக் கரைகளில் ஓதமேறும் கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டடமற்ற பகுதியாக வகுத்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையிற் குளச்சலும் மணக்குடியும் பிணக்காடாயின. அதன்பின் தமிழ்நாட்டரசு, அந்த 200 மீட்டருக்குள் இருந்த மீனவர் அப்பால் பெயர்ந்தாலன்றி வீட்டுத்திட்டத்தில் உதவியில்லை என்றது. கரையிலேயே பிறந்தவனைக் கரையைவிட்டு நகரச் சொன்ன ஆட்சியமைப்பு, 2019 அறிவிக்கையில், சதுரக் கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் நெருங்கி வாழும் ஊரகக் கரைகளில் அந்த 200-ஐ 50 மீட்டராகச் சுருக்கியது. தடைப்பகுதிக்குள்ளேயும் சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களுக்கு வழி திறந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விழுங்கிய கணவன்மாரின் உடலுக்காகப் பெண்டிர் காத்துக்கிடந்த மணல் இது. அங்கே எவளும் சிரிக்கலாகாது என்பதில்லை. அந்த மணலுக்கு வேலி கட்டி, சிரிப்பதற்குச் சீட்டுக் கிழிப்பதே தகாது.

குமரிமுனையின் கதையையும் எண்ணிப் பார்க்கலாம். சுசீந்திரத்து இறைவனுக்கும் குமரி அம்மனுக்கும் மணம் பேசப்பட்டு, நள்ளிரவிலேயே பொய்க்கோழி கூவியதால் மணமகன் திரும்பிப்போக, சமைக்க வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாயிற்றென்று ஊர் சொல்லும். இன்றும் அரிசிபோற் பொடிமணலைச் சிறு பொதிகளாகக் கட்டி விற்கின்றனர். முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய ‘பெரிப்புளூசு’, இம்முனையில் ஆடவரும் பெண்டிரும் வந்து நீராடி, மணத்தைத் துறந்து நோன்பிருந்ததைக் குறிக்கின்றது. மணமாகாத பெண்ணொருத்தி தன் முடிவைத் தானே எடுத்துத் தனியே நின்ற இடம் என்று ஈராயிரம் ஆண்டாய் உலகறிந்த கரை இது. அவளுக்கு எவரும் பட்டை போட்டுவிடவில்லை.

இனி, செய்யத்தக்கது யாது? நாஞ்சில் நாட்டில் மணத்துக்கு முந்தைய இரவின் பெயர் ‘காய்வெட்டு’. அவியலுக்கு நீளநீளமாக, எரிசேரிக்குச் சதுரமாக, துவட்டலுக்குப் பொடிப்பொடியாக என்று பெரியவர் ஒருவர் அளவு சொல்ல, தெருவே அரிவாள்மணையோடு வந்து அமரும். ஒரு மூலையில் ஆண்கள் தேங்காய் துருவுவர். மறுமூலையில் மைனிமாரும் மதினிமாரும் மணப்பெண்ணை நடுவில் இருத்திச் செய்யும் கேலிக்கு எந்த ரிசார்ட்டின் விளையாட்டுப் பட்டியலும் ஈடாகாது. மணமான பெண்கள் மணமாகப் போகின்றவளுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம், பூசணிக்காயைப் பார்த்துச் சொல்வதுபோற் சொல்லிவிடுவர். விடியற்காலையில் கருப்பட்டிக் காப்பியும், டப்பாவிலிருந்து எடுத்த முந்திரிக்கொத்தும். தலைக்கு எவ்வளவு என்று எவளும் கேட்டதில்லை. துணிக்கடைத் தோழி தன் பங்காகக் கொண்டுவந்தது ஓர் அரிவாள்மணை. சமையல் குத்தகைக்காரர் காயை வெட்டியே கொண்டுவந்து இறக்கும் இந்நாளில் அந்த இரவும் சுருங்கிவருகின்றது. அதன் வெற்றிடத்தில்தான் ரிசார்ட்டு வந்து உட்கார்ந்தது.

கடல்தான் வேண்டுமென்றால் சொத்தவிளையும் சங்குத்துறையும் இருக்கின்றன. அங்கே அலைக்குக் கட்டணம் இல்லை. காலையிற் பேருந்தேறி, வட்டக்கோட்டை மதிலில் நடந்து, மாலையில் மணலிற் கட்டுச்சோறு அவிழ்க்கலாம். பெயர் வேண்டுமென்றால் ‘ஆயவிருந்து’ இருக்கின்றது. அழைப்பை அப்பெயரிட்டுத் தமிழில் எழுதி, அழைக்கப்படுவோர் பட்டியலின் முதல் வரியில், பங்கு கொடுக்க இயலாத அந்தத் தோழியின் பெயரை மணப்பெண் தன் கையால் எழுதட்டும்.