பிணங்களை எண்ணி முடித்த பிறகு

“குடித்தான், செத்தான். அதற்குப் பத்து இலட்சமா?” 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது தேநீர்க் கடைகளிலும், ஏன், நம் கோயில் முற்றங்களிலும் எழுந்த கேள்வி இது. கேட்டவர்கள் தீயவர்கள் அல்லர். ஆயினும் கேள்வி கொடியது.

மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு; வார்னிஷுக்கும் சாயத்துக்கும் கரைப்பானாக ஆவது. நிறத்தாலோ மணத்தாலோ குடிப்பவன் அதைச் சாராயத்தினின்று பிரித்தறிய இயலாது. அவன் கேட்டது போதை, விற்கப்பட்டது நஞ்சு. உடலுக்குள் சென்றதும் ஈரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பின் கடியில் எரிகிறதே, அதே அமிலம். உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் வழியை அது அடைத்துவிடுகிறது. நெஞ்சு நிறையக் காற்றிருந்தும் அணுக்கள் மூச்சடைத்துச் சாகின்றன. பார்வை நரம்பும், மூளையின் ஆழத்திலிருந்து அசைவுகளை ஒழுங்குபடுத்தும் புட்டமென் என்ற பகுதியும் இதற்கு எளிதில் இரையாகின்றன.

பிழைத்தவனின் நிலை என்ன? கண்முன் பனி படர்ந்து, பிறகு நிரந்தரமாக இருண்டுவிடலாம். நாள்கள் செல்லச் செல்லக் கை நடுங்கி, தசை இறுகி, நடை தளர்ந்து, பேச்சுக் குழறலாம். முதுமைக்குரிய பார்க்கின்சன் நோயின் கோலம் நடுவயதிலேயே வந்தமைகிறது. மூட்டை சுமந்த கை, சோற்றுப் பிடியை வாய்க்குக் கொண்டுசெல்ல மனைவியின் கையை நாடுகிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் அறிவித்த அரசு, சிகிச்சை பெற்றோர்க்கு அறிவித்தது ஐம்பதாயிரம். நம் சினமெல்லாம் பத்து இலட்சத்தின் மீது பாய்ந்தது. ஐம்பதாயிரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இந்நஞ்சு பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் பதுங்கியிருந்தே தாக்கும். அதற்குள் மருத்துவம் கிடைத்தால் கண்ணையும் மூளையையும் காக்க வழியுண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்தோ, அது இல்லாவிடத்து மருத்துவர் அளந்து தரும் எத்தில் ஆல்கஹாலோ நஞ்சு அமிலமாவதைத் தடுக்கும். டயாலிசிஸ் எஞ்சியதை வெளியேற்றும். ஆனால் காவலருக்கும் ஊரார் ஏச்சுக்கும் அஞ்சுபவன் அந்நேரத்தை வீட்டுத் திண்ணையிலேயே கழிக்கிறான். கள்ளக்குறிச்சியில் மாவட்ட நிர்வாகமே முதலில் இது சாராயச் சாவன்று என மறுத்தது. அப்படியிருக்க, “ஏன் தாமதமாக வந்தாய்?” என்று ஏழையைக் கேட்க நமக்கு ஏது உரிமை?

2001இல் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி வட்டாரம். ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். 2023இல் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம். 2024இல் கள்ளக்குறிச்சி. மூன்றும் பழைய தென்னார்க்காட்டு மண்ணே. ஒவ்வொரு முறையும் கைது, இடமாற்றம், விசாரணை, சட்டத் திருத்தம். பார்வை இழந்தவர் எங்கே, கை நடுங்குவோர் எங்கே என்று தேடிச் சென்றவர் எத்தனை பேர்?

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று அரசின் கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரி. பிழைத்தோரைப் பெயர் பதிந்து, ஆண்டுக்கணக்கில் நரம்பையும் கண்ணையும் சோதித்து, இயன்முறை மருத்துவமும் மாத உதவியும் தரும் பொறுப்பை அத்தகைய நிலையங்களிடம் அரசு ஒப்படைக்கட்டும்.

குடி தீமைதான், அதை மறுப்பாரில்லை. ஆனால் குடித்த குற்றத்துக்குக் குருட்டுத்தன்மையைத் தண்டனையாக விதிக்கும் சட்டம் எந்நாட்டிலும் இல்லை. அத்தண்டனையை விதித்தவன் மெத்தனாலை விற்றவன். “நன்றாக வேண்டும்” என்று சொல்லும்போது நாம் அவனுடைய தீர்ப்புக்கே கையொப்பமிடுகிறோம்.