பெட்டியில் 6000, கணினியில் 4800



வீடியோ எடிட்டிங் தொழிலுக்காகப் போன மாதம் புதிதாக ஒரு கணினி அசெம்பிள் செய்து வாங்கினேன். ரேம் பெட்டியில் வேகம் 6000 என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 4800 என்று காட்டியது. போலியைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று பதறிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, ரேமில் குறையே இல்லை.

டிடிஆர்5 ரேம் முதலில் ஜெடெக் தர அமைப்பு வகுத்த வேகத்தில்தான் இயங்கும். விளம்பரத்தில் சொல்லும் கூடுதல் வேகத்துக்கான அளவுகள் ரேமுக்குள்ளேயே பதிந்திருக்கும். இன்டெல் இதை எக்ஸ்எம்பி என்கிறது. ஏஎம்டி எக்ஸ்போ என்கிறது. பயாஸில் நுழைந்து அதை நாம்தான் இயக்க வேண்டும். மதர்போர்டும் பிராசஸரும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். கணினி அடிக்கடி நின்றுபோனால் வேகத்தை ஒரு படி குறைப்பதே நல்லது. ரேமைப் பொருத்தும் இடத்தையும் கவனிக்க வேண்டும்: நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதானால், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளே சரி.

விற்பனையாளர்களே, பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குவது சில நிமிட வேலை. கணினியை ஒப்படைக்கும் முன் இந்த அமைப்பை இயக்கி, வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். காசு கொடுத்த வேகம் அவர் கைக்கு வர வேண்டும்.

— ஒரு வாசகர், கோயம்புத்தூர்